முப்பத்தோராம் கட்டத்து அடிக்குரல்

மொதெனா நகரத்தில் இசைத்தாள் பிரதி எடுக்கிறவர்கள் அந்தக் காலத்தில் நான்கு பேர். மூன்று பேர் கண்ணில் பட்டதை அப்படியே எழுதுவார்கள். நான்காவது ஆள் இப்போலித்தா மலகோலி. அவள் எழுதும்போது யோசிப்பாள். அதுதான் வம்பு.

முப்பத்தாறு வயது. கல்யாணம் காட்சி என்று எதுவும் நடக்கவில்லை. அப்பா கோயிலில் ஆர்கன் வாசித்தவர். அதன் கட்டைகளில் விரல் வைக்க அவரிடம் கற்றுக்கொண்டாள். அவர் போனபிறகு மைப்புட்டியும் இறகுப்பேனாவும் மை சுரண்டுகிற கத்தியும்தான் சோறு போட்டன. தாளைப் பார்த்தாலே அவளுக்குள் பாட்டு கேட்கும். எந்த இசைப் பெரியவராவது தூக்கக் கலக்கத்தில் ஒரு சுரத்தை மாற்றிப் போட்டிருந்தால், சுரண்டிச் சரிசெய்து, வாயே திறக்காமல் கொடுத்தனுப்பிவிடுவாள். அவர்களும் வாய் திறக்க மாட்டார்கள். தன் தப்பை ஒரு பொம்பளை திருத்தினாள் என்று எவன் வெளியே சொல்லுவான்? இப்படியே பதினைந்து வருடம் ஓடியதில் இப்போலித்தாவுக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே ஏறியிருந்தது.

அந்த ஜனவரியில் அவளுக்கு இருந்த ஒரே கவலை தம்பி எவரிஸ்தோ. வயலின்காரன். ஊரை ஆண்ட கோமகனின் இசைக்குழுவில் இடம் கேட்டு இரண்டு தடவை போட்டிக்குப் போய் இரண்டு தடவையும் மண்ணைக் கவ்வியவன். முதல் தடவை ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பழகினான். தெருவில் நின்று கேட்ட ஒருவன் இவனுடைய வேகமான பகுதியை அப்படியே கொண்டுபோய்த் சொனாட்டா என்கிற தன் வயலின் உருப்படியில் செருகி, இவனுக்கு முன்னால் வாசித்துவிட்டான். அடுத்து இவன் வாசித்தபோது சபையே சிரித்தது. திருடன் என்ற பெயர் இவனுக்கு வந்தது.

இரண்டாம் தடவை வேறு கூத்து. அவன் எழுதிய சொனாட்டாவில் ஓரிடத்தில் வயலினும் அதற்குத் துணையாகக் கீழே ஓடும் அடிக்குரலும் ஐந்து சுர இடைவெளியில் ஒட்டிக்கொண்டு அடுத்தடுத்து இரண்டடி நடந்துவிட்டன. இசை தெரிந்தவர்கள் நடுவில் அது சபையில் துணி அவிழ்ந்தமாதிரி மானக்கேடு. இசைத்தலைவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். வீட்டுக்கு வந்த எவரிஸ்தோ அக்காவைப் பிடித்துக்கொண்டான்.

"நீதானே பிரதி எடுத்த? கண்ணு இருக்குல்ல உனக்கு? பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்டா."

"பாத்துட்டு?"

"நீ வேணும்னுதான் போட்டிருப்பன்னு நினைச்சேன்."

"வேணும்னா? எவனாவது வேணும்னு சாணிய மிதிப்பானா? ஊருக்கெல்லாம் திருத்துற, தம்பிக்குத் திருத்த வலிக்குதா?"

ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அன்றைக்கே இப்போலித்தா மனதில் ஒன்று தீர்மானித்துக்கொண்டாள். இனி இவன் தாளில் ஒரு புள்ளி தப்பாக இருந்தாலும் விடுவதில்லை.

இப்போது மூன்றாவது போட்டி. ஜெமினியானோ புனிதரின் திருநாளுக்கு மறுநாள். இதுதான் கடைசி. ஏனென்றால் அவன் மாமனார் அன்செல்மோ கவட்சுத்தி கெடு வைத்துவிட்டார். அவருக்குக் கடைவீதி வளைவின் கீழ் பன்றி இறைச்சிக் கடை. நல்ல மனிதர், கை தாராளம், ஆனால் பிடித்தால் பிடித்ததுதான்.

"மாப்ள, உங்க வயலின எனக்குப் பிடிக்கும். எம் பொண்ணுக்கும் பிடிக்கும். ஆனா அவ வயித்துல ஒண்ணு இருக்கு, அதுக்குப் பிடிக்குமோ என்னவோ. இந்தத் தடவையும் இல்லன்னா, பெட்டிய மூடிட்டுக் கடைக்கு வந்துருங்க. பன்னி யாருக்கும் பரீட்சை வைக்கிறதில்ல."

எவரிஸ்தோ புனிதரின் கல்லறைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தான். இடம் கிடைக்காவிட்டால் இனி வயலினைத் தொடமாட்டேன் என்றான். அதைக் கேட்ட நாளிலிருந்து இப்போலித்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. பத்து வயதில் அப்பாவின் பழைய வயலினை அவன் கையில் கொடுத்தவளே அவள்தான். அவன் இறைச்சி நறுக்கும் பலகைக்கு முன்னால் நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அவனோ நிலைகொள்ளாமல் அலைந்தான். யாரையும் நம்பவில்லை. மாமனார் கடைக்கு மேலே இறைச்சி காயவைக்கும் பரணில், சாக்குப்பையால் ஜன்னலை அடைத்துவிட்டு, தொங்குகிற தொத்திறைச்சிகளுக்கு நடுவில் நின்று பழகினான். வரும்போது பூண்டும் புகையும் நாறும்.

திருநாளுக்கு நான்கு நாள் முன்னால், மத்தியானம், கையெழுத்துத் தாள்களைக் கொண்டுவந்து அக்கா மேஜைமேல் போட்டான்.

"உக்காருடா, ஒரு வாய் சாப்பிடு."

"நேரமில்ல." நின்றுகொண்டே ஒரு துண்டு இறைச்சியை வாயில் போட்டுக்கொண்டான். "அடிக்குரல மட்டும் தனியா எடுத்துக் குடு. மேல் வரியப் பாக்காத."

"ரெண்டும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணுதானே இருக்கு? பாக்காம எப்படி எழுதுறது, கண்ணக் கட்டிக்கிட்டா?"

"அக்கா, விளையாடாத. கீழ மட்டும் பாரு."

"எங்கிட்டேர்ந்து எவன்டா திருடப்போறான்? பூனையா?"

"யாருமே தெரிஞ்சுக்கக் கூடாது. கட்டினவ, தொமிதில்லாகிட்டயே சொல்லல. நான் வாசிக்கும்போது கேளு, அப்ப தெரியும்." அதற்குள் வாசற்படி இறங்கிவிட்டான்.

போட்டியின் விதி இதுதான். வயலினுக்குக் கீழே ஓடும் அடிக்குரலைப் போட்டியாளரின் ஆட்கள் வாசிக்கக் கூடாது. கோமகனின் ஆட்களே வாசிப்பார்கள். ஹார்ப்சிகார்ட் என்கிற கட்டை வாத்தியத்தில் தாதேயோ சாமியார். அவர் தோளுக்கு மேலால் அதே தாளை எட்டிப் பார்த்தபடி, செல்லோ என்கிற பெரிய வயலினோடு செல்லோக்காரர் ஒருவர். தாள் முதல்நாளே முத்திரையிட்டு அரண்மனைக்குப் போய்விட வேண்டும். சபையில்தான் பிரிப்பார்கள். ஒத்திகை கிடையாது. அடிக்குரல் வரிக்கு மேல் சின்னச் சின்னதாக எண்கள் இருக்கும். அதைப் பார்த்துச் சாமியார் மற்ற சுரங்களைத் தானே கையால் நிரப்புவார். அடிக்குரல் சறுக்கினால் மேலே தேவதூதனே வந்து வாசித்தாலும் வீண்.

இப்போலித்தா மேல் வரியைப் பார்த்தாள். பார்க்காமல் இருப்பாளா?

வரியில் கோடு போட்டுப் பிரித்திருந்த கட்டங்களில் முதல் முப்பதைப் படித்து எழுந்து நின்றுவிட்டாள். அடப் பாவி, இவ்வளவு இவனுக்குள் இருந்ததா? மெதுவான பகுதி. வயலின் கீழேயே, இருட்டிலேயே சுற்றிச் சுற்றி வந்தது. உச்சித் தந்திப் பக்கம் போகவே இல்லை. எப்போது போவான், எப்போது போவான் என்று அவளுக்கே மூச்சு முட்டியது. முப்பத்தோராம் கட்டத்தில் போனான். போன இடத்தில் எல்லாம் நாசம்.

வயலின் ஒன்று சொன்னது, அடிக்குரல் வேறொன்று சொன்னது. ஒரு சுரம் தள்ளித் தள்ளி, இரண்டும் முட்டிக்கொண்டே போயின. வயலின் கீழே இறங்கியதும் எல்லாம் சரியானது. மறுபடி உச்சிக்கு ஏறினால் மறுபடி நாராசம். இரண்டாம் பகுதியிலும் இதே கதை, மூன்றிலும் இதே கதை. எண்ணிப் பார்த்தாள். நாற்பத்துமூன்று இடம்.

ஷாலை எடுத்துப் போர்த்திக்கொண்டு மாமனார் கடைக்கு ஓடினாள். அன்செல்மோ கையைத் துடைத்துக்கொண்டே மேலே கைகாட்டினார்.

"வீடு பத்தி எரிஞ்சாலும் கூப்பிடக் கூடாதுன்னு சொல்லிட்டாரும்மா."

கீழே நின்று கத்திப் பார்த்தாள். "எவரிஸ்தோ! அடிக்குரல்ல ஒண்ணு கேக்கணும்டா!"

"எழுதினத எழுதுக்கா!" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "போ! உசுர வாங்காத!"

குரலில் அழுகை இருந்தது. பரண் பலகையில் அவன் இங்கும் அங்கும் நடக்கிற சத்தமும் கேட்டது. இப்போது போய், உன் சொனாட்டாவில் நாற்பத்துமூன்று இடம் தப்பு என்று சொன்னால் இவன் கை ஓடுமா? தூக்கமில்லாமல், பயத்தில், கண்டதையும் எழுதிவைத்திருக்கிறான். வாசிக்கிறது அவன் கையில் இருக்கிறது, அது ஓடிவிடும். அடிக்குரலை நான் பார்த்துக்கொள்கிறேன். இப்படி நினைத்துக்கொண்டு அவள் திரும்பி நடந்தாள்.

இரண்டு நாள் உட்கார்ந்தாள். வயலின் உச்சிக்குப் போகிற ஒவ்வொரு இடத்திலும் அதற்குப் பொருந்துகிறமாதிரி அடிக்குரலை மாற்றினாள். எண்களையும் மாற்றினாள். லேசான வேலை இல்லை. ஓர் இடத்தில் சரிசெய்தால் அடுத்த இடம் இழுக்கும், கொஞ்சம் குதித்துத்தான் போக வேண்டியிருந்தது. முடித்தபோது முதுகு கழன்றுவிட்டது, ஆனால் மனசு நிறைந்திருந்தது. முத்திரை வைத்துத் தன் கையாலேயே அரண்மனைக் காவலில் கொடுத்துவிட்டு வந்தாள். மூலத்தாளைத் துணியில் சுற்றித் தொமிதில்லாவிடம் திருப்பிக் கொடுத்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

போட்டியன்று காலையில் மூடுபனி. மணிக்கூண்டின் பாதிக்குமேல் தெரியவில்லை. அரண்மனை மண்டபத்தின் மேல்மாடத்தில் ஊர்க்காரர்களை விட்டிருந்தார்கள். அன்செல்மோ ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார். ஒரு பக்கம் வயிற்றைத் தாங்கிக்கொண்டு தொமிதில்லா, மறுபக்கம் இப்போலித்தா. கீழே கோமகன், இசைத்தலைவர், பிரபுக்கள். நடுவில் ஹார்ப்சிகார்ட்.

ரெஜ்ஜோவிலிருந்து வந்தவன் முதலில் வாசித்தான். அன்செல்மோ கொட்டாவி விட்டார். பொலோஞ்ஞாக்காரன் அடுத்தது. அவன் நன்றாகவே வாசித்தான். தொமிதில்லா இப்போலித்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். 

"அண்ணி, இவன் நல்லா வாசிக்கிறானா?"

"வாசிக்கிறான்."

"அவர விடவா?"

"வாய மூடு. உன் புருஷன் எழுதியிருக்கிறதுக்கு முன்னால இவன் எம்மாத்திரம்?"

எவரிஸ்தோ வந்தான். முகம் வெளுத்திருந்தது. கீழே, தாதேயோ சாமியார் முத்திரையை உடைத்துத் தாளைப் பலகைமேல் வைத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு புரட்டுப் புரட்டிப் பார்த்தார். எவரிஸ்தோ சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, வயலினைக் காதருகே பிடித்து, உச்சித் தந்தியின் முறுக்காணியைப் பிடித்தான்.

தந்தி இறங்கியது.

மேலே ஏற்றிச் சரிபார்க்கிறான் என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். இப்போலித்தாவின் காது பொய் சொல்லாது. இறங்கியது, இன்னும் இறங்கியது, முழுதாக ஒரு சுரம் இறங்கி நின்றது.

 தந்தியை மாற்றிச் சேர்த்துக்கொண்டால் தாளில் எழுதியிருப்பது விரல் வைக்கவேண்டிய இடம் மட்டும்தான், கேட்கிற சுரம் அதற்கு ஒன்று கீழே. அப்படி எழுதுகிறவர்கள் உண்டு, அவளே பிரதி எடுத்திருக்கிறாள். ஆனால் வரியின் தலையில் எந்தத் தந்தி எங்கே என்று நான்கு சுரத்தைக் குறித்துவைப்பது வழக்கம். இந்தப் படுபாவி எவனும் திருடிவிடக் கூடாது என்று குறிக்காமல் விட்டிருக்கிறான்! தாளில் உச்சித் தந்தியைத் தொடும் இடங்களில் மட்டும்தானே முட்டியது. தந்தியை இறக்கினால் முட்டவே இல்லை. ஒன்றுமே முட்டவில்லை. அவன் எழுதியது எல்லாமே சரி. நாற்பத்துமூன்று இடத்திலும் தப்பு அவள் போட்டது.

கத்திவிடலாமென்று வாயைத் திறந்தாள். கீழே கோமகன் கையை உயர்த்தினார். வாசிப்பு ஆரம்பமாகிவிட்டது.

ஒன்று. இரண்டு.

முப்பது கட்டம் வரைக்கும் பயமில்லை. அது அவன் எழுதின அடிக்குரல்தான். நிதானமான பகுதி, நான்கு தட்டுக்கு ஒரு கட்டம். இப்போலித்தா தொமிதில்லாவின் கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"எங்கம்மா?" என்றார் அன்செல்மோ. "இப்பத்தான மாப்ள ஆரம்பிச்சிருக்காரு!"

"தள்ளுங்க மாமா."

"வயித்தக் கலக்குதா?"

"ஆமா, கலக்குது. தள்ளுங்க!"

ஐந்து. ஆறு. வரிசையில் முழங்கால்களும் பாவாடைகளும். ஒருத்தி காலை மிதித்தாள், அவள் "கண்ணு தெரியலையாடி" என்று சீறினாள். எட்டு. சுழல் படிக்கட்டுக்கு வந்தபோது பன்னிரண்டு. சுவர் சத்தத்தை மங்கச் செய்தது, ஆனாலும் செல்லோ கேட்டது, அதைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். பதினாலு, பதினஞ்சு. பாவாடை நுனி தடுக்கி நான்கு படி சறுக்கினாள். முழங்கை சிராய்த்தது. பதினெட்டு. அம்மாடி, கொஞ்சம் மெதுவா வாசியேன்டா! அவன் மெதுவாகத்தான் வாசித்தான். அந்த இருட்டுப் பகுதியை அவன் வாசித்த வாசிப்பில் மேலே ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. 

கீழே வாசலில் காவல்காரன் ஈட்டியைக் குறுக்கே வைத்தான்.

"யாரு நீ? எங்க போற?"

"சாமிகிட்ட."

"எந்தச் சாமிகிட்ட?"

"உள்ள வாசிக்கிறாரே, அந்தச் சாமிகிட்ட. மருந்து."

"எங்க மருந்து?"

இருபத்துமூணு. "யோவ், கிழவர் உள்ள மயங்கி விழுந்தா நீதான் வந்து வாசிப்பியா?"

அவன் யோசித்தான். யோசித்து முடிக்கிற வரைக்கும் இரண்டு கட்டம் போய்விட்டது. ஈட்டி விலகியது. இருபத்தாறு. மண்டபத்தின் வழவழப்பான தரையில் அவள் ஓடவில்லை, ஓடினால் பிடித்துவிடுவார்கள். நடந்தாள். நூறு ஜோடிக் கண்கள் அவள்மேல் விழுந்தன. இருபத்தெட்டு. பிரபு ஒருவர் "யாரிது?" என்றார். இருபத்தொன்பது. எவரிஸ்தோ கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். அவளைப் பார்க்கவில்லை. முப்பது.

செல்லோக்காரரின் வில்லுக்குக் கீழாகக் குனிந்து நுழைந்து, உள்ளங்கையைத் தாளின்மேல் வைத்து மூடினாள்.

"தாள் தப்பு சாமி. நான்தான் தப்பா எழுதிட்டேன். கைய எடுங்க."

தாதேயோ சாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நேரமில்லை. அவருடைய இடக்கையைத் தள்ளிவிட்டு அவள் தன் கையை வைத்தாள். வயலின் உச்சித் தந்திக்கு எழும்பியது. அவள் விரல் அவன் எழுதிய சுரத்தில் விழுந்தது.

பொருந்தியது. அடேயப்பா, என்னமாய்ப் பொருந்தியது! இறக்கிய தந்தியில் அந்தக் கூர்மை இல்லை. தொண்டை அடைத்த ஒருவர் பேச ஆரம்பித்த மாதிரி இருந்தது. அதற்குத்தான் முப்பது கட்டம் காக்கவைத்திருந்தான். செல்லோக்காரர் புத்திசாலி. தாளை விட்டுவிட்டு அவள் விரலைப் பார்த்து வாசித்தார். சாமியார் முகத்தில் உணர்ச்சியே இல்லாமல் வலக்கையால் நிரப்பிக்கொண்டு போனார். எவரிஸ்தோவின் தோள் ஒருமுறை விறைத்தது. அப்புறம் தளர்ந்தது. இப்போலித்தா குனிந்த முதுகோடு, நின்றபடியே, மூன்று பகுதியும் வாசித்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றியதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். எதை மாற்றினாள் என்று தெரிந்தவளுக்கு எது இருந்தது என்பதும் தெரியும்தானே. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கட்டைகளின்மேல் சொட்டியது. தம்பிமேல் வந்த பெருமை பாதி, தன்மேல் வந்த அவமானம் பாதி.

 முடிந்ததும் மேல்மாடத்தில் அன்செல்மோதான் முதலில் கைதட்டினார். அப்புறம் ஊரே தட்டியது. கோமகன்கூட இரண்டு தட்டுத் தட்டினார்.

இசைத்தலைவர் எழுந்தார். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தவர்கள் உண்டு.

"இந்தம்மா யாரு?"

"பிரதி எழுதுற மலகோலி," என்றாள் இப்போலித்தா. "இவனோட அக்கா. அடிக்குரல நான் தப்பா மாத்திட்டேன். இவன் மேல ஒரு குத்தமும் இல்லைங்க. எல்லாம் என் புத்தி."

"இவருக்குத் தெரியாம மாத்துனியா?"

"தெரியாமத்தான்."

அவர் பக்கத்தில் இருந்தவர்களோடு குனிந்து பேசினார். ரொம்ப நேரம் பேசவில்லை. "இன்னிக்குக் கேட்டதுல இதுதான் உசத்தி. அதுல ரெண்டாவது பேச்சு இல்ல," என்றார். "ஆனா போட்டியாளரோட ஆளு அடிக்குரல்ல கைவெச்சா அது போட்டி இல்ல. விதி எனக்கும் அதேதான், கோமகனுக்கும் அதேதான். பொலோஞ்ஞாக்காரருக்கு இடம்."

எவரிஸ்தோ தலையாட்டினான். யாரோ வேறு ஊர்ச் சேதி சொன்னதைக் கேட்டுக்கொண்ட மாதிரி, அமைதியாக வயலினைப் பெட்டியில் வைத்தான்.

தாதேயோ சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். இப்போலித்தா அவர் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சிருங்க சாமி. உங்க கையத் தள்ளிட்டேன். வேற வழி தெரியல."

"நாப்பது வருஷமா இந்தப் பலகைக்கு முன்னால உக்காந்திருக்கேன்," என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "அவன் தந்திய இறக்குனது உன் காதுக்கு மட்டும்தான் கேட்டுச்சா? தாளப் புரட்டுனப்பவே பாத்தேன். முப்பது கட்டம் வரைக்கும் ஒரு மனுஷன் எழுதியிருக்கான், அதுக்கப்புறம் வேற யாரோ பூந்து அடிக்குரலத் தவளை மாதிரி குதிக்க வெச்சிருக்காங்க. தாள விட்டுட்டுக் காதால வாசிக்கத்தான் இருந்தேன். இந்த மனுஷனும்," என்று செல்லோக்காரரைக் காட்டினார், "என் இடக்கையப் பாத்து வாசிச்சுருப்பாரு. நீ மேலயே சும்மா உக்காந்திருந்தா உன் தம்பி இன்னிக்கு எங்க குழுவுல உக்காந்து சாப்பிட்டிருப்பான்."

உண்மையோ, கிழவரின் வீம்போ, யாருக்குத் தெரியும்? செல்லோக்காரர் மட்டும் ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினார். இப்போலித்தா பலகைமேலிருந்த தன் தாளைப் பார்த்தாள். இரண்டு தடவை. தாளிலும் சரி, சபையிலும் சரி, தன்னைத் தவிர எவனுக்கும் எதுவும் தெரியாது என்று நினைத்திருக்கிறாள். 

வெளியே சதுக்கத்தில் பனி இன்னும் விலகவில்லை. அன்செல்மோவும் தொமிதில்லாவும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். தொமிதில்லா அழுதுகொண்டிருந்தாள். அன்செல்மோ சத்தியத்தை ஞாபகப்படுத்தாமல் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார். எவரிஸ்தோ பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அக்காவுக்காகக் காத்திருந்தான்.

அவன் அடிப்பான் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

"திட்டுடா," என்றாள். "ஏதாவது சொல்லு. இப்படி நிக்காத."

"எத்தன இடம் மாத்துன?"

"நாப்பத்துமூணு."

"நாப்பத்துமூணு." அவன் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். "நான் உங்கிட்ட சொல்லியிருக்கணும். அது என் தப்பு. யாரையும் நம்பாம போனேன்ல, அதுக்கு இது வேணும். போட்டி போனது போகட்டும். கடைக்குப் போறேன், சத்தியம் சத்தியம்தான். அது இல்லக்கா நான் கேக்கறது." குரல் உடைந்தது. "முப்பது கட்டம் அப்படி எழுதினவன், முப்பத்தொண்ணுலேர்ந்து நாப்பத்துமூணு இடத்துல முட்டாள்தனமா எழுதுவான்னு நீ நம்பிட்டியா? ஒரு இடத்துலகூட, இவன் ஏதோ தெரிஞ்சுதான் செய்றான்னு உனக்குத் தோணலையா?"

அவள் நம்பவில்லை என்று சொல்லியிருக்கலாம். தோன்றியது, ஆனால் பயந்துவிட்டேன் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். இத்தனை வருடம் வளர்த்தவள், அந்த ஒரு பொய்யை அவனுக்குத் தந்திருக்கலாம்.

"தோணலடா," என்றாள்.

 அவன் பெட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு, மாமனாரும் மனைவியும் நின்ற பக்கமாக நடந்தான். அவள் கூப்பிடவில்லை. பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.